350: ஒரு கோடு, இரண்டு விலை

மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர் முன்பெல்லாம் இரண்டு கேள்விகள் கேட்பார். "என்ன விலை?" என்பது ஒன்று. "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?" என்பது மற்றொன்று.

இப்போது மூன்றாவது கேள்வி ஒன்று முளைத்திருக்கிறது. "எத்தனை சி.சி.?"

350 சி.சி. வரை உள்ள வண்டிக்கு ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதம். 350-ஐத் தாண்டிவிட்டால் 40 சதவீதம். 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் இதுதான் சட்டம்.

நூறு சி.சி. வண்டி வாங்குகிறவருக்கு இதில் குழப்பம் இல்லை. வரி குறைந்தது, அவருக்கு லாபம். பத்து லட்சம் கொடுத்து வெளிநாட்டு வண்டி வாங்குகிறவருக்கும் குழப்பம் இல்லை. கொடுக்க அவரிடம் பணம் இருக்கிறது.

குழப்பம் எல்லாம் நடுவில் இருப்பவருக்குத்தான். அதாவது, நடுத்தர அளவு "குரூசர்" வண்டி ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு, இரண்டு மூன்று வருஷமாகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறவருக்கு. ஏனென்றால், அந்த வகை வண்டிகள் கோட்டுக்கு இந்தப் பக்கமும் நிற்கின்றன. அந்தப் பக்கமும் நிற்கின்றன.

குரூசர் என்பது எது?

குரூசர் என்பது பந்தயத்துக்கான வண்டி அல்ல. சாவகாசமாக நெடுந்தூரம் போவதற்கான வண்டி.

சீட் தாழ்வாக இருக்கும். ஹேண்டில் பார் அகலமாகவும், ஓட்டுகிறவரின் கைக்கு எட்டும்படி பின்னால் வளைந்தும் இருக்கும். கால் வைக்கும் இடம் சற்று முன்னால் தள்ளி இருக்கும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி அதிகம். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல முதுகை நிமிர்த்தி உட்காரலாம். குனிந்து, மூக்கு பெட்ரோல் டாங்கில் இடிக்கிற மாதிரி ஓட்ட வேண்டியதில்லை.

சி.சி. என்பது என்ஜினின் வயிற்றளவு. என்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது அல்லவா? அது போய் வரும் இடத்தின் கொள்ளளவைத்தான் சி.சி. என்கிறார்கள். ஆயிரம் சி.சி. ஒரு லிட்டர். 350 சி.சி. என்றால் ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம்.

இந்த 350 நமக்குப் புதிய கணக்கு அல்ல. 1955-ல் என்பீல்டு இந்தியா கம்பெனி சென்னையில் தொடங்கியபோது, திருவொற்றியூரில் உருவான புல்லட் வண்டியும் 350 வகுப்புதான். சரியாகச் சொன்னால் 346 சி.சி. ராணுவமும் போலீசும் அதை வாங்கின. பிறகு மிராசுதார்கள் வாங்கினார்கள். இன்றைக்கும் தமிழ்நாட்டுக் கிராமத்தில் "டுப் டுப்" என்று எந்த வண்டி வந்தாலும், அதன் பெயர் என்னவாக இருந்தாலும், "புல்லட் வருது" என்றுதான் சொல்வார்கள். இங்கிலாந்தில் இருந்த தாய்க் கம்பெனி 1970-ஐ ஒட்டி மூடப்பட்டது. சென்னைக் குழந்தை பிழைத்துக்கொண்டது.

கோடு எப்படிப் பள்ளமாயிற்று?

350 என்ற கோட்டைச் சர்க்கார் 2025-ல் புதிதாகப் போடவில்லை. 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோதே அது இருந்தது. அப்போது எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் வரி 28 சதவீதம். 350-க்கு மேற்பட்டதற்கு மட்டும் 3 சதவீதம் கூடுதல் தீர்வை. மொத்தம் 31.

28-க்கும் 31-க்கும் உள்ள வித்தியாசம் சுண்டுவிரல் அகலம்தான். வாங்குகிறவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

2025 செப்டம்பர் 3-ந் தேதி கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் ஒரு பக்கத்தை 28-லிருந்து 18-க்கு இறக்கியது. மறுபக்கத்தை 31-லிருந்து 40-க்கு ஏற்றியது. சுண்டுவிரல் அகலக் கோடு பெரிய பள்ளமாகிவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு வண்டிகள். இரண்டுக்கும் வரி சேர்க்காத விலை 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 349 சி.சி.; இன்னொன்று 400 சி.சி.

பழைய வரிப்படி முதல் வண்டி 2 லட்சத்து 56 ஆயிரம். இரண்டாவது 2 லட்சத்து 62 ஆயிரம். வித்தியாசம் 6 ஆயிரம் ரூபாய்.

புதிய வரிப்படி முதல் வண்டி 2 லட்சத்து 36 ஆயிரம். இரண்டாவது 2 லட்சத்து 80 ஆயிரம். வித்தியாசம் 44 ஆயிரம் ரூபாய்!

இதோடு முடியவில்லை. இன்ஷூரன்சிலும் அதே 350 கோடு உட்கார்ந்திருக்கிறது. புது வண்டி வாங்கும்போது 5 வருஷத்துக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டியே தீர வேண்டும் என்பது 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி, 150 சி.சி.க்கு மேல் 350 வரை உள்ள வண்டிக்கு இந்த 5 வருஷத் தொகை 7,365 ரூபாய். 350-ஐத் தாண்டினால் 15,117 ரூபாய். இங்கே 7,752 ரூபாய் வித்தியாசம்.

இரண்டையும் கூட்டினால் 51,752 ரூபாய். தமிழ்நாட்டில் சாலை வரி வேறு இருக்கிறது. ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள இருசக்கர வண்டிக்கு 2023 நவம்பர் முதல் 12 சதவீதம். அது விலையைப் பார்த்துப் போடுவது.

ஐம்பத்தோராயிரம் என்பது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு? மூன்று வருஷத் தவணையில் வாங்கினால், வட்டியைச் சேர்க்காமலே மாதம் 1,400 ரூபாய்க்கு மேல். அதே பணத்துக்குப் பெட்ரோல் போட்டால், லிட்டர் 100 ரூபாய் என்ற கணக்கில் 510 லிட்டர். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் ஓடும் வண்டி அதில் 17 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடும். வேலைக்குப் போய் வரும் ஒருவருக்கு ஒன்றரை வருஷச் சவாரி!

ஆடம்பரம் யாருடையது?

40 சதவீத வரி யாருக்கு? ஆடம்பரப் பொருளுக்கும், உடம்புக்கு ஆகாத பொருளுக்கும் என்று சர்க்கார் சொல்கிறது. அந்த ஜாபிதாவில் உல்லாசப் படகு இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான விமானம் இருக்கிறது. அவற்றோடு 350-ஐத் தாண்டிய மோட்டார் சைக்கிளும் சேர்ந்து நிற்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. பெரிய கார்களும் அதே 40 சதவீதத்தில்தான் வருகின்றன. ஆனால் அவற்றுக்கு முன்பு தீர்வையோடு சேர்த்து 50 சதவீதம் வரை இருந்தது. ஆக, பெரிய கார்க்காரருக்கு 40 என்பது இறக்கம். 400 சி.சி. மோட்டார் சைக்கிள்காரருக்கு அதே 40 ஏற்றம்!

ராயல் என்பீல்டு வண்டிகளைத் தயாரிக்கும் ஐஷர் மோட்டார்ஸ் கம்பெனியின் தலைவர் சித்தார்த்த லால் இதைப் பகிரங்கமாக எதிர்த்தார். எல்லா இருசக்கர வண்டிக்கும் ஒரே மாதிரி 18 சதவீதம் போடுங்கள் என்று கேட்டார். நடுத்தர வண்டியில் இந்தியக் கம்பெனிகள் உலகச் சந்தையில் பெயர் எடுத்து வருகின்றன, அதைக் கெடுக்க வேண்டாம் என்பது அவருடைய வாதம். வியாபாரி தன் சரக்குக்காகப் பேசுகிறார் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் அவருடைய சரக்கில் பெரும்பகுதி 350 வகுப்பு. அதற்கு வரி இறங்கியதால் அவருக்கு லாபமே. வரி மாறியவுடன் 350 வண்டிகளின் விலையை 22 ஆயிரம் ரூபாய் வரை அந்தக் கம்பெனி குறைத்தது. அப்படி இருந்தும் மறுபக்கத்துக்காகவும் பேசினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சர்க்கார் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. இந்தியாவில் விற்கும் இருசக்கர வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை 350-க்குள் அடங்கியவை. பாட்டாளியும், பால்காரரும், ஆசிரியரும் ஓட்டுகிற வண்டிகள் அவை. அவற்றுக்கு வரியைக் குறைத்தது நல்ல காரியம். எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆனால் கோட்டை வயிற்றளவு பார்த்துப் போட்டதுதான் தவறு. விலையைப் பார்த்திருக்கலாம். ஹார்லி டேவிட்சன் எக்ஸ் 440 என்ற வண்டி 2023 ஜூலையில் வந்தபோது அதன் ஆரம்ப விலை 2 லட்சத்து 29 ஆயிரம் ரூபாய். அந்த நாளில் ராயல் என்பீல்டின் மீட்டியார் 350 வண்டி 2 லட்சத்துக்குச் சற்று மேல். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி. இன்று ஒருவர் சாமானியர், மற்றவர் சீமான் என்று சட்டம் சொல்கிறது. சில கம்பெனிகள் கூடுதல் வரியைக் கொஞ்ச காலம் தங்கள் தலையில் போட்டுக்கொண்டு பழைய விலைக்கே விற்றன. ஆனால் கம்பெனி எத்தனை நாள் சுமக்கும்?

வீட்டு வாசலில் வைத்துப் பார்த்தால்

சட்டம் சரியா தவறா என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். வாங்குகிறவருக்கு வேண்டியது வேறு. எந்த வண்டி வீட்டுக்குப் பொருந்தும்?

சேலத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளை. தினமும் 30 கிலோமீட்டர் வேலைக்குப் போய்வர வேண்டும். மாதம் ஒருமுறை கணவனும் மனைவியும் மனைவியின் ஊருக்குப் போய்வருவார்கள். எப்போதாவது ஏற்காடு. வீட்டில் இருப்பது ஒரே வண்டி.

இவர்கள் பார்வையில் முதலில் படுவது மீட்டியார் 350. அடுத்து அதன் அண்ணன், சூப்பர் மீட்டியார் 650. தம்பி 349 சி.சி.; 2020 நவம்பரில் வந்தவன். அண்ணன் 648 சி.சி.; 2023 ஜனவரியில் வந்தவன். வந்த நாளிலேயே விலை 3 லட்சத்து 49 ஆயிரத்தில் ஆரம்பம்.

ஷோரூமில் அண்ணனைப் பார்த்தால் யாருக்கும் மனசு தடுமாறும். இரண்டு சிலிண்டர், இரண்டு சைலென்சர், 47 குதிரை சக்தி. தம்பிக்கு ஒரே சிலிண்டர். 20 குதிரை சக்திதான்.

ஆனால் எடையைப் பாருங்கள். தம்பி 191 கிலோ. அண்ணன் 241 கிலோ. வித்தியாசம் 50 கிலோ, அதாவது ஒரு மூட்டை சிமெண்ட். ஓடும்போது அந்த மூட்டை தெரியாது. தெருவில் பால் வண்டி குறுக்கே நிற்கும்போது பின்னால் தள்ள வேண்டும் அல்லவா, அப்போது தெரியும். வாசல் படிக்குச் சாய்வுப் பலகை போட்டு வண்டியை உள்ளே ஏற்றும்போது தெரியும். கணவன் ஊரில் இல்லாத நாளில் மனைவி நகர்த்த வேண்டி வந்தால் நன்றாகவே தெரியும்.

அடுத்தது வேகத்தடை. தம்பியின் அடிவயிறு தரையிலிருந்து 170 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அண்ணனுக்கு 135 மில்லிமீட்டர்தான். நம் ஊர்த் தெருக்களில் வேகத்தடையை அளவு பார்த்தா போடுகிறார்கள்? பின்னால் ஓர் ஆளை உட்கார வைத்துக்கொண்டு ஏறினால் "கிரீச்" என்று சத்தம் கேட்கும். அதைக் கேட்டால் வண்டிக்காரரின் நெஞ்சும் கிரீச்சிடும்.

பெட்ரோல் கணக்கையும் சொல்லிவிடலாம். தம்பி லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அண்ணன் 23-ஐ ஒட்டி. தினம் 30 கிலோமீட்டர் ஓடினால் மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் அண்ணன் கூடுதலாகக் குடிப்பான்.

அப்படியானால் அண்ணனிடம் என்ன பெருமை? வேகம்தான். தம்பி 80 கிலோமீட்டர் வேகத்தில் நிம்மதியாக ஓடுவான். 100-ஐத் தாண்டினால் மூச்சு வாங்கும். அண்ணனுக்கு 120 கூட விளையாட்டு.

ஆனால் அந்த 120-ல் எங்கே ஓட்டுவது? மோட்டார் சைக்கிளுக்கு நான்கு வழிச் சாலையில் உச்ச வேகம் 80 என்று 2018-லேயே மத்திய சர்க்கார் நிர்ணயித்துவிட்டது. ஊருக்குள் 60. பெங்களூர்-மைசூர் விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்டு 1 முதல் மோட்டார் சைக்கிளை ஏற்றுவதே இல்லை. சட்டப்படி ஓட்டுகிற ஒருவருக்கு அண்ணனின் பாதி பலம் பெட்டியில் பூட்டி வைத்த நகை மாதிரி. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில், பின்னால் மனைவியோடு ஏறும்போது கூடுதல் பலம் சுகம்தான். ஆனால் தம்பியும் ஏறிவிடுவான். கொஞ்சம் நிதானமாக ஏறுவான்.

பின்சீட்டில் இருப்பவரை யாரும் கேட்பதில்லை

குரூசர் விளம்பரங்களில் பெரும்பாலும் ஒரே ஆள்தான் போகிறார். பாலைவனத்தில் போகிறார், கடற்கரையில் போகிறார். பின்னால் யாரும் இல்லை.

நம் வீட்டில் அப்படியா? பின்சீட்டில் மனைவி இருப்பார், அல்லது தாயார் இருப்பார். புடவை கட்டியிருப்பார். ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்காருவார். கையில் பை இருக்கும்.

அதனால் பின்சீட்டின் அகலம் பார்க்க வேண்டும். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும். பின்சக்கரத்தில் புடவை சிக்காமல் இருக்க மறைப்பு வேண்டும். இதெல்லாம் சட்ட விதிகளிலேயே இருக்கிறது. வண்டியின் அழகைக் கெடுக்கிறது என்று அந்த மறைப்பைக் கழற்றிப் பரணில் போடுகிற வாலிபர்கள் உண்டு. புடவைத் தலைப்பு சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

ஜாவா 42 பாபர் என்று ஒரு வண்டி. 334 சி.சி. கோட்டுக்கு இந்தப் பக்கம், 18 சதவீதம்தான். பார்க்கக் கண்ணைப் பறிக்கும். ஆனால் அதில் ஒரே சீட். கல்யாணமானவர் அதை வாங்கினால் வீட்டில் என்ன பதில் சொல்வது என்பதையும் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஹோண்டாவின் ஹைனஸ் சி.பி. 350 என்ற வண்டி 181 கிலோ. மீட்டியாரைவிட 10 கிலோ குறைவு. என்ஜின் அதிராமல் ஓடும். ஆனால் சீட் உயரம் 800 மில்லிமீட்டர். மீட்டியாருக்கு 765. குள்ளமானவருக்கு ஒன்றேகால் அங்குலத்துக்கும் சற்று மேலான இந்த வித்தியாசம் பெரிய விஷயம். சிக்னலில் இரண்டு காலையும் தரையில் முழுசாக ஊன்ற முடிகிறதா என்பதுதான் பரீட்சை. அதோடு, ஹைனசில் நிமிர்ந்து உட்காரலாமே தவிர, கால் நீட்டிப் போகும் குரூசர் சுகம் கிடைக்காது.

ஹார்லி எக்ஸ் 440-ம் அப்படித்தான். ஹார்லி என்ற பெயரைக் கேட்டதும் அமெரிக்கக் குரூசர் என்று நினைத்துவிடுகிறார்கள். உட்காரும் விதம் சாதாரண மோட்டார் சைக்கிள்தான். ஹார்லி கம்பெனி 2020-ல் இந்தியாவில் சொந்தத் தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்தது. பிறகு ஹீரோ கம்பெனியோடு கைகோத்தது. எக்ஸ் 440-ஐ ராஜஸ்தானில் தயாரிப்பது ஹீரோதான். வண்டி நல்ல வண்டி. 190 கிலோவில் 27 குதிரை சக்தி. வரி மட்டும் பாழாய்ப் போன 40.

2025 மே மாதம் ஹோண்டா ரெபெல் 500 என்ற வண்டியும் இந்தியாவுக்கு வந்தது. 471 சி.சி. வரி ஏறுவதற்கு முன்பே 5 லட்சத்தைத் தாண்டிய விலை. நடுத்தரக் குடும்பம் அதை எட்டி நின்று பார்க்கலாம்.

யார் கோட்டைத் தாண்டலாம்?

யாருமே தாண்டக் கூடாது என்பதில்லை. ஊருக்குள் ஓட வீட்டில் வேறு ஸ்கூட்டர் இருக்கிறது. வாரந்தோறும் முந்நூறு நானூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் போகும் பழக்கம் இருக்கிறது. உடம்பில் பலம் இருக்கிறது. தவணை கட்டினாலும் வீட்டுச் செலவு குறையாது. இந்த நான்கும் பொருந்துகிறவர் 650 வாங்கினால் அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. நாள் முழுக்க ஓட்டினாலும் கை மரத்துப்போகாத வண்டி அது.

ஒரே வண்டி வைத்திருக்கும் சேலத்துக் குடும்பத்துக்கு அது வேண்டாம். வரிக்கோடு இல்லாவிட்டாலும் அவர்களுக்கு 350 போதும். இப்போது ஐம்பதாயிரமும் மிச்சமாகிறது. அந்த மிச்சத்தை ஷோரூமிலேயே குரோமியம் கம்பி, அலங்கார விளக்கு, தோல் பை என்று கரைத்துவிடாமல் இருக்க வேண்டும். இரண்டு நல்ல ஹெல்மெட் வாங்கினால் போதும்.

உண்மையில் மாட்டிக்கொண்டு விழிப்பவர் 400-க்காரர். 350-ன் பலம் போதவில்லை, 650-ன் எடை தாங்கவில்லை என்று நடுவே நின்றவர். அவருக்கென்று வந்த வண்டிகளைத்தான் சட்டம் சீமான் பந்தியில் தள்ளிவிட்டது.

அவருக்கு ஒரு வழி இருக்கிறது: பழைய வண்டி. பழைய வண்டிக்கு 40 சதவீதம் இல்லை. சொந்தக்காரரிடம் நேரில் வாங்கினால் ஜி.எஸ்.டி.யே கிடையாது. பதிவு பெற்ற வியாபாரி விற்றால், அவர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது மட்டும் 18 சதவீதம். 2023-லும் 2024-லும் ஆசையாக 400 சி.சி. வண்டி வாங்கிவிட்டு, குழந்தை பிறந்ததும் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் கடன் ரத்தானதா, பெயர் மாற்றம் முறையாக நடக்குமா, இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அங்கேயும் ஒரு கோடு காத்திருக்கிறது. முதல் 5 வருஷ இன்ஷூரன்ஸ் முடிந்ததும், மூன்றாம் நபர் பாலிசியை வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும். 2022 கட்டணப்படி 350 வரை உள்ள வண்டிக்கு அது 1,366 ரூபாய். 350-ஐ ஒரு சி.சி. தாண்டினாலும் 2,804 ரூபாய்.